பல்லக்கா வேலையை விட்டாரா?

என் அண்ணி யாரோடு பேசினாலும் வாயைப் பார்த்துத்தான் பேசுவார். கண்ணைப் பார்த்துப் பேசினால் என்ன என்று கேட்டால், கண்ணில் என்ன இருக்கிறது, எல்லாருக்கும் ரெண்டு, வாயில்தான் ஆளே இருக்கிறார் என்பார். எனக்குக் கணவராக வர இருந்தவரை முதல் தடவை பார்த்துவிட்டு வந்து, "ஆள் தங்கமானவர்தான், ஆனா கீழ் வரிசையில நாலு பல்லு முட்டி மோதிக்கிட்டு நிக்குது, கோபக்காரரா இருப்பார்" என்றார். பல் விஷயத்தில் சொன்னது சரி. கோபம் விஷயத்தில் தப்பு. எங்கள் வீட்டில் அந்த இலாகா என்னிடம் இருக்கிறது.

அண்ணி பொய்ப்பல் செய்கிறவர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாய்க்குள் அச்சு எடுத்துப் பல் செய்யும் கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றினால் மேல்தாடையும் கீழ்த்தாடையும் வெள்ளை வெளேரென்று வந்து நிற்கும். அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதிக்க வேண்டும். பதிப்பது அண்ணி. கையில் மெழுகுக் கத்தி, பக்கத்தில் சின்ன ஸ்பிரிட் விளக்கு, முன்னால் முகம் தெரியாத யாரோ ஒருவரின் பொக்கை வாய். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே வேலை, அதே ஜன்னலோரம், அதே ஸ்டூல். எல்லாப் பல்லையும் நூல் பிடித்த மாதிரி நேராக வைக்க மாட்டார். ஏதாவது ஒரு பல்லை மயிரிழை அளவு திருப்பி வைப்பார். அப்போதுதான் அது பிறந்ததிலிருந்து கூடவே இருந்த பல்லாகத் தெரியும், இல்லாவிட்டால் நேற்று வாங்கின பல்லாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. கூடத்தில் எல்லாருக்கும் அவர் பல்லக்கா.

அவருடைய கணவன், அதாவது என் அண்ணன், பஸ் ஓட்டுகிறவன். ரோட்டில் அவன் அடிக்கிற ஹார்னுக்கு லாரிகள் ஒதுங்கிப் போகும். வீட்டில் அவன் தொண்டையைக் கனைத்துக்கூட யாரும் கேட்டதில்லை. நான் அதே வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், மருந்துக்கடையில் வேலை. அண்ணியின் கதையை நான் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. நாத்தனார் சொல்லும் கதையில் அண்ணிக்கு நல்ல பெயர் வந்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

கூடத்தை ஆரம்பித்த முதலாளி முழங்கால் வலி வந்த பிறகு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். மேற்பார்வைக்குத் தன் மகளைக் கட்டினவரை அனுப்பி வைத்தார். அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் கூடத்தில் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொன்னார்கள். முதலில் மரியாதையாகச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அதே சொல்லை வேறு ராகத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். அவருக்குப் பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தெரிந்த மாதிரி நடந்துகொண்டதுதான் பிரச்சினை. ஒருநாள் ஒரு மேல் செட்டைக் கையில் எடுத்து, கீழ் செட் என்று நினைத்து, அதில் நாலு குற்றம் கண்டுபிடித்தார்.

வினை ஒரு விசிறியில் ஆரம்பித்தது. பல் செட்டை மெஷினில் தேய்த்து மெருகேற்றும் அறையில் தூசி பறக்கும். அதை வெளியே இழுத்துத் தள்ளுகிற எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோய்விட்டது. அந்த அறையில் வேலை செய்த இரண்டு பேரும் நாள் முழுக்க இருமினார்கள். அண்ணி போய் மாப்பிள்ளையிடம் சொன்னார். பார்க்கலாம் என்றார். மறுபடி சொன்னார். பார்க்கலாம் என்று சொன்னேனே என்றார். மூன்றாவது தடவை, கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு டாக்டரின் முன்னால் வைத்து, இந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் நுரையீரல் கெட்டுப்போனால் அதற்குப் பொய் செட் செய்ய எங்களுக்குத் தெரியாது என்று அண்ணி சொல்லிவிட்டார். டாக்டர் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். அன்றோடு அண்ணிக்குப் போதாத காலம் தொடங்கியது.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். வேலையை விட்டுப் போ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் ஸ்டூல் ஜன்னலோரத்திலிருந்து கிளம்பி, கூடத்தின் கோடியில் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே வெளிச்சம் கிடையாது. பல்லின் நிறம் பார்க்கிறவளுக்கு வெளிச்சம் இல்லையென்றால் கையைக் கட்டிப் போட்ட மாதிரி. பிறகு மற்றவர்கள் அண்ணியோடு பேசக்கூடாது என்று வாய்மொழி உத்தரவு. பிறகு கிழவி என்று ஒரு பட்டம். அண்ணிக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. "கிழவி, கண்ணு தெரியுதா?", "கிழவி, இந்த செட்டை நீயே வச்சுக்க, சீக்கிரம் தேவைப்படும்" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை. ஒருநாள், கக்கூஸுக்கு ஏன் இத்தனை தடவை போகிறாய் என்று எல்லாரும் கேட்கும்படி கேட்டார். கக்கூஸ் வாசலில் உட்கார வைத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கிற மனிதரை என்னவென்று சொல்வது?

அண்ணி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாள் என்று அண்ணன்தான் என்னிடம் வந்து சொன்னான். ஊர்ப் பல்லையெல்லாம் செய்கிறவள் தன் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாளே என்று அவனுக்குக் கவலை. பிடுங்கிப் பிடுங்கிக் கேட்ட பிறகு விஷயம் வெளியே வந்தது. விட்டுத் தொலை, என் சம்பளம் போதும் என்றான் அண்ணன். கொதிக்கிற மெழுகை அவர் மண்டையில் ஊற்றுங்கள், ஆனது ஆகட்டும் என்றேன் நான். இரண்டு யோசனையையும் அண்ணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "இந்த வயசுல வெளியில வந்தா எனக்கு யாரு வேலை குடுப்பா? எனக்கு வேற எதுவும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் ஆசை இல்ல" என்றார். 

தொழிலாளர் அலுவலகத்தில் இலவசமாக யோசனை சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன், சண்டை கிண்டை வந்தால் உதவியாக இருக்குமே என்று. அங்கே ஒரு பெண் வக்கீல், ஜலதோஷத்தில் மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தார். அழுவதாக இருந்தால் வெளியே பெஞ்சு இருக்கிறது, அழுது முடித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன் என்றார். அண்ணி, நான் அழவில்லை, உங்கள் முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கிறது, அதைத்தான் பார்க்கிறேன் என்றார். அதன்பிறகு இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது.

மேலதிகாரி சிடுமூஞ்சியாக இருப்பது மட்டும் குற்றம் ஆகாது, சட்டம் யாரையும் இனிக்க இனிக்கப் பேச வைக்காது என்று வக்கீல் முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வயதைச் சொல்லி ஓயாமல் அவமானப்படுத்துவது வேறு, பாதுகாப்புக்காகப் புகார் சொன்னவரைப் பழி வாங்குவது வேறு, அந்த இரண்டையும் சட்டம் கேட்கும் என்றார். என்ன நடக்கிறது, யார் பார்த்தார்கள் என்று எழுதி முதலாளி பக்கத்துக்குக் கொடுங்கள், வேலையில் ஒரு குறையும் வைக்காதீர்கள், எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு முக்கியமான ஒன்றைச் சொன்னார்.

"அவர் உங்களைப் போகச் சொல்ல மாட்டார். சொன்னா அவர் பதில் சொல்லணும். நீங்களா போனா யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேணாம். இந்தக் கூத்தெல்லாம் அதுக்குத்தான்."

தாங்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று அண்ணி கேட்டார். அப்போதும் விரட்டியடித்ததாக வழக்குப் போடலாம், ஆனால் அதை நிரூபிப்பதற்குள் எனக்கே நரைத்துவிடும், முடிந்தவரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்காதீர்கள் என்றார் வக்கீல். அண்ணி சரி என்று தலையாட்டினார். திரும்பி வருகிற வழியெல்லாம், அந்த முன்பல்லை இலவசமாகச் சரி பண்ணிக் கொடுக்க முடியுமா என்றுதான் பேசிக்கொண்டு வந்தார்.

புகாரை எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டு நேராகக் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். அங்கே மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கோத்து, வாய் மாதிரித் திறந்து மூடப் பார்க்கிற ஒரு கீல் கருவி உண்டு. அண்ணி அன்று செய்து முடித்திருந்த செட் அதில் மாட்டியிருந்தது. மாப்பிள்ளை அதைக் கையில் தூக்கி, டக் டக்கென்று திறந்து மூடி, அண்ணியின் குரலில் பேசினார். "ஐயோ, என்னைக் கிழவின்னு சொல்றாங்களே, ஐயோ, எனக்குத் தூசி ஆகலையே" என்று பொம்மலாட்டம். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காவிட்டால் அடுத்தது நாம்தான் என்று புரிந்த ஓரிருவர் சிரிக்க முயற்சி செய்தார்கள்.

அண்ணி எழுந்தார். விளக்கை ஊதி அணைத்தார். கையைக் கழுவினார். சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலுக்குப் போய், திரும்பி நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியேறினார்.

நான் வேலை முடிந்து வந்தபோது அண்ணி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை. "விட்டுட்டேன்" என்றார்.  வக்கீல் படித்துப் படித்துச் சொன்னாரே, இப்படிச் செய்துவிட்டீர்களே என்று கத்த வாயெடுத்தவள், எதற்கும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"போறேன், இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்னு சொல்லத்தான் திரும்பினேன்" என்றார் அண்ணி. "வாயைத் தொறந்தா, வர்றேன்னு வந்துடுச்சு. எத்தனை வருஷப் பழக்கம். ச்சே, அதைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலை."

எனக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபத்தின் உச்சியில் நின்றுகொண்டு, தன்னை ஆட்டிப் படைத்தவரிடம், கடைக்குப் போய்விட்டு வருகிற மாதிரி வர்றேன் என்று விடைபெற்றிருக்கிறார். நம் ஆட்கள்தான் இப்படி. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் தள்ளினவனிடம் வர்றேங்க என்று சொல்லிவிட்டுத்தான் விழுவோம். போறேன் என்ற சொல்லை வாசலில் நின்று சொல்ல நமக்கு நாக்கு எழாது.

வக்கீலுக்குப் போன் போட்டேன். முதலில் ஒரு நிமிஷம் தும்மினார். பிறகு, நாளைக் காலையில் வழக்கமான நேரத்துக்கு வழக்கம்போலக் கிளம்பிப் போகச் சொல்லுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்றார். அண்ணி போனார். வாசல் காவலாளி தலையைக் குனிந்துகொண்டு, நீங்கள் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள் அக்கா, உள்ளே விடக்கூடாதாம் என்றார். உள்ளே விடவில்லை என்பதை அவர் வாயாலேயே இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டு அண்ணி திரும்பி வந்தார்.

வக்கீல் தொழிலாளர் அலுவலகத்தில் வழக்குப் போட்டார். இப்போது எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. அண்ணி தானாகப் போனாரா, விரட்டப்பட்டாரா? தானாகப் போனார் என்று முடிவானால் கதை அத்தோடு சரி. ஸ்டூலும் கிடையாது, மெழுகும் கிடையாது, பட்ட அவமானத்துக்குக் கேள்வியும் கிடையாது. விசாரணை நெருங்க நெருங்க என் பயம் வேறு மாதிரி இருந்தது. அண்ணிக்குப் பொய்ப்பல் வருமே தவிரப் பொய் வராது. மனதில் என்ன நினைத்தாய் என்று யாராவது கேட்டுவிட்டால்? நினைக்கவே இல்லை என்று சொல்லிவிடுங்கள், யார் பார்த்தார்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்டால் இருப்பதைச் சொல்லுவேன், கேட்காவிட்டால் நானாகச் சொல்ல மாட்டேன், அதற்குமேல் என்னை இழுக்காதே என்றார்.

விசாரணை அறையில் மேஜைக்குப் பின்னால் அதிகாரி ஒருவர், கனத்த சரீரம். அவர் பேச ஆரம்பித்ததும் அண்ணி என் தொடையைக் கிள்ளினார். "மேல் செட்டு. யாரோ அவசரத்துல பண்ணியிருக்காங்க, ஆடுது பாரு" என்று காதில் சொன்னார். தலைபோகிற விசாரணையில் இவருக்குக் கவலை அதிகாரியின் தாடையைப் பற்றி. அதிகாரி எதைச் சொன்னாலும் அண்ணி அவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் சொல்லை இத்தனை கவனமாகக் கேட்ட ஆளை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எதிரில் மாப்பிள்ளையும் அவருடைய வக்கீலும். அந்த அம்மாள் எல்லாருக்கும் முன்னால் போறேன் என்று சொல்லிவிட்டுத் தானாகப் போனார், நாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்றார் மாப்பிள்ளை. அதைச் சொல்வதற்குக் கூடத்திலிருந்து ஒரு சாட்சியையும் கூட்டி வந்திருந்தார். பிளாஸ்டர் மாவு குழைக்கிற ஆள், எந்நேரமும் மாவு அப்பிக்கொண்டு திரிவதால் எல்லாரும் மாவு என்றே கூப்பிடுவார்கள். அன்று குளித்துச் சட்டை மாற்றி வந்ததில் அண்ணிக்கே அடையாளம் தெரியவில்லை. அதிகாரி அவரிடம், அந்த அம்மா கிளம்பும்போது சொன்ன வார்த்தை என்ன, அதை அப்படியே சொல்லுங்கள் என்றார்.

மாவு மாப்பிள்ளையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அவர் வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான் என்று அண்ணி சொல்லி எனக்குத் தெரியும். அவர் என்ன சொன்னாலும் மனதார மன்னித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், நினைக்கும்போதே முடியாது என்றும் தெரிந்தது.

"வர்றேன்னு சொன்னாங்க சார்" என்றார்.

மாப்பிள்ளையின் வக்கீல் சளைக்கவில்லை. நம் பேச்சில் வர்றேன் என்றால் போகிறேன் என்றுதான் அர்த்தம், அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும், எனவே அந்த அம்மாள் போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார் என்று ஒரு போடு போட்டார். சொல்லப்போனால் அதில் நியாயம் இருந்தது.  அதிகாரி நாக்கால் மேல் செட்டை ஒருமுறை சரி செய்துகொண்டு, அண்ணி பக்கம் திரும்பி, நான் எதற்குப் பயந்தேனோ அதையே கேட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. வேலையை விட்டுடணும்னு நினைச்சுத்தான் எழுந்தீங்களா?"

"ஆமா சார்" என்றார் அண்ணி.

மாப்பிள்ளையின் வக்கீல் பேனாவை மூடினார். எங்கள் வக்கீல் தும்ம வந்ததைப் பாதியில் நிறுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எழுந்தப்ப நினைச்சேன். கை கழுவறப்பவும் நினைச்சேன்" என்று அண்ணி தொடர்ந்தார். "அந்த மெழுகுக் கத்தியை எடுத்து இவர் கழுத்துல வைக்கணும்னும்தான் நினைச்சேன். அதைச் செஞ்சுட்டேன்னு யாரும் கேஸு போடலையே சார். மறுநாள் காலைல வேலைக்கு வந்து வாசல்ல நின்னேன். அது நினைப்பு இல்ல, காவல்காரர் பார்த்தது."

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கவா, பல் செட்டைப் பிடிக்கவா என்று தெரியவில்லை. ஒருவர் கோபத்தில் நினைத்ததை ராஜினாமா என்று எடுத்துக்கொள்ள முடியாது, சொன்னது என்ன, அதன்பிறகு செய்தது என்ன என்று பார்ப்பதுதான் முறை என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சொன்னார். பிறகு, எல்லாரும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

நாற்காலிகள் நகர்ந்தன. மாப்பிள்ளை முதல் ஆளாக எழுந்து கதவைத் திறந்தார். எந்த உலகத்தில் இருந்தாரோ, கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பி, பணிவாக, "சரி சார், வர்றேன்" என்றார்.

அதிகாரி நிமிர்ந்தார். "நில்லுங்க. திரும்பி வருவீங்கல்ல?"

"வராம எங்க சார் போகப் போறேன், இதோ டீ குடிச்சுட்டு…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். அவருடைய வக்கீல் கூரையைப் பார்த்தார். மாவு அவசர அவசரமாக மூக்கைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். நான் வராந்தா தூணுக்குப் பின்னால் போய், சத்தம் கேட்காத தூரத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். எங்கள் வக்கீல் அதற்குள் தும்மி முடித்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன் பக்கத்து வாதத்தை எதிராளி இவ்வளவு நன்றாக எடுத்துச் சொல்லிப் பார்த்ததில்லை என்றார்.

தீர்ப்பு பிறகு வந்தது. அண்ணி வேலையை விடவில்லை. புகார் சொன்னதற்காகத்தான் அவரைப் படுத்தியிருக்கிறார்கள். அவரைப் பழைய இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும், வயதைச் சொல்லி யாரும் கூப்பிடக்கூடாது, விசிறியைச் சரி செய்ய வேண்டும், சாட்சி சொன்னவரின் மேல் கை வைக்கக்கூடாது. அண்ணன் அன்று பஸ்ஸை வீட்டுத் தெருமுனையில் நிறுத்தி, காரணமே இல்லாமல் நீளமாக ஒரு ஹார்ன் அடித்தான். பயணிகள் என்ன நினைத்தார்களோ.

நல்லது நடந்து முடிந்தது, கதையும் முடிந்தது என்று நான் நினைத்தேன். தீர்ப்பைக் கேட்டு முதலாளி முழங்கால் வலியோடு கூடத்துக்குக் கிளம்பி வந்தார். எல்லாருக்கும் முன்னால் மாப்பிள்ளையை நிற்க வைத்தார். கையாலாகாதவன், பெண்டாட்டி தயவில் சோறு தின்கிறவன், ஒரு பொம்பளையைக்கூட ஒழுங்காக விரட்டத் தெரியாதவன் என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். மேற்பார்வைக்கு வேறொரு சொந்தக்காரரைப் போட்டார். மாப்பிள்ளையை, கக்கூஸ் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்து அச்சுகளை எண்ணச் சொன்னார். கொஞ்ச நாளில், நாளையிலிருந்து வராதே என்றார். பாக்கிச் சம்பளத்தைக் கேட்டதற்கு, சொந்தத்துக்குள் என்ன சம்பளம் என்றாராம். அண்ணி இதை எங்களிடம் சொன்னபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. நான் அதை மறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழே அண்ணி வீட்டில் இருந்தபோது கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தேன். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். "பல்லக்கா இருக்காங்களா?" என்றார். அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. உள்ளே வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு வழியை மறித்துக்கொண்டு நின்றேன். அண்ணி உள்ளேயிருந்து, "யாரு வந்திருந்தாலும் உக்காரச் சொல்லு" என்றார்.

வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அதே தொழிலாளர் அலுவலகத்துக்கு அவரும் போயிருக்கிறார். அதே வக்கீல். மாமனாராக இருந்தாலும் சம்பளம் கொடுத்து வேலை வாங்கினவர் முதலாளிதான், கேட்க உரிமை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆனால் நடந்ததைப் பார்த்த ஆள் வேண்டும். கூடத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாராம். யாருக்கும் காது கேட்கவில்லை, கண் தெரியவில்லை.

"நீங்க அங்கதான் இருந்தீங்க. எல்லாத்தையும் கேட்டீங்க" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணி பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அவர் உங்களைப் பேசினதைச் சொல்லுவேன்" என்றார். "நீங்க என்னைப் பேசினதையும் கேப்பாங்க. அதையும் சொல்லுவேன். ஒண்ணைக் கூட்டவும் மாட்டேன், ஒண்ணைக் குறைக்கவும் மாட்டேன். சம்மதமா?"

மாப்பிள்ளை சவரம் செய்யாத தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு, "சொல்லுங்கக்கா. நான் பேசினது உண்மைதானே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

அவர் படியிறங்கித் தெருவைத் தாண்டும் வரைதான் பொறுத்தேன். பிறகு ஆடித் தீர்த்துவிட்டேன். உங்களுக்குப் புத்தி இருக்கிறதா, இப்போதுதான் உயிரைக் கொடுத்து அந்த ஸ்டூலை மீட்டிருக்கிறீர்கள், சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கு எதிராகவே போய் நிற்பீர்களா, அதுவும் யாருக்காக, பொம்மலாட்டம் ஆடினானே அவனுக்காகவா, அவன் நல்லவனா, அவனுக்கு என்ன உரிமை வேண்டிக் கிடக்கிறது என்று மூச்சு விடாமல் கேட்டேன்.

அண்ணி என் வாயைப் பார்த்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா நல்லவங்களுக்கு மட்டும்தான் சட்டம்னு வச்சா, இந்த வாயை வச்சுக்கிட்டு உனக்கு எந்தக் கடையிலயும் நிக்க இடம் கிடைக்காது."

சொல்லிவிட்டு மீதி பீன்ஸை என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்து நறுக்கினேன்.